மகளின் பரீட்சைக்கு நான் போட்ட சாம்பிராணி

கூச்சம் உள்ளவர்களால் யாருக்கும் ஒரு கரைச்சலும் வராது என்று பலரும் நினைக்கிறார்கள். அது பிழை. வாய்க்காரர் ஒரு காரியத்தில் இறங்குமுன் பத்துப் பேரைக் கேட்பார்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராவது "விசர் வேலை பாக்காதை" என்று தடுத்துவிடுவார். கூச்சக்காரர் ஒருவரையும் கேட்பதில்லை. தாங்களாகவே யோசித்து, தாங்களாகவே முடிவெடுத்து, கடைசியில் தாங்களாகவே நெருப்பையும் வைத்துவிடுவார்கள். (நெருப்பு என்று சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. தீயணைப்பு வண்டி இரண்டு வந்தது.)

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடம் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினேன். அந்த இருபது வருடத்தில் மேற்பார்வையாளரிடம் நான் பேசிய பேச்சு முழுவதையும் ஒரு பிஸ்கட்டின் முதுகில் எழுதிவிடலாம். மகளின் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டால் பின்வரிசையில் இருந்து தலையை ஆட்டிவிட்டு வருவேன். ஆசிரியர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டால், "நல்லாத்தான் சொன்னவர்" என்பேன். (இவர் என்றால் என் வீட்டுக்காரர். அவருக்கு வேறு பெயர் வைத்து எனக்குப் பழக்கமில்லை.)

எங்களுக்கு ஒரே மகள், வதனி. பதினான்கு வயதில் சலங்கையைக் கழற்றி நிலக்கீழ் அறைப் பெட்டியில் போட்டுவிட்டு, "எனக்கு டான்ஸ் வேண்டாம் அம்மா" என்றாள். நான் பெட்டியை மூடி வைத்தேன். ஆனால் ரொறன்ரோவில் எங்கள் சனம் நிறைந்த ஸ்காபரோவில் பெண்பிள்ளையைப் பெற்ற ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய அடி என்பது உங்களுக்குத் தெரியும். ஊரார் வீட்டு அரங்கேற்றங்களுக்கெல்லாம் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய், மூன்று மணித்தியாலம் கைதட்டி, றோல்ஸ் சாப்பிட்டுவிட்டு வருவேன். என் முறை மட்டும் வரவேயில்லை.

வதனி படித்தாள். படித்துக்கொண்டே இருந்தாள். ஆபிரிக்காவின் பேண்தகு அபிவிருத்தியும் காலநிலைக் கொள்கையும் என்பது கலாநிதிப் பட்டத்துக்கு, அதாவது பிஎச்.டிக்கு, அவள் எடுத்த துறை. இந்தச் சொற்களைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். கோயிலில் யாராவது கேட்டால் அத்தனையும் மறந்துபோகும்.

"மேள் என்ன செய்யிறா? டொக்டருக்குப் படிக்கிறாவாமே?"

"ஓம். டொக்டர்தான்."

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆபிரிக்கா," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டு வந்துவிடுவேன்.

உண்மையில் அவள் செய்தது என்னவென்றால், மலாவி என்ற நாட்டுக்குப் போய் அங்குள்ள கிராமங்களில் இரண்டு வருடம் இருந்தாள். காடு அழியாமல் இருக்கவும் புகை குறையவும் என்று வெளிநாட்டுத் திட்டம் ஒன்று அந்தக் கிராமத்துப் பெண்களுக்குப் புது விறகடுப்பு கொடுத்திருந்தது. எல்லாப் பெண்களும் "ஓம், நல்ல அடுப்பு" என்று படிவத்தில் கையெழுத்து வைத்தார்களாம். திட்டம் பெரிய வெற்றி என்று அறிக்கை போட்டார்களாம். வதனி போய்ப் பார்த்தால் முக்கால்வாசி வீட்டில் பழைய மூன்று கல் அடுப்புத்தான் எரிகிறது. ஏன் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

நான் சொல்லப்போகும் கதை இலங்கையில் யுத்தம் முடிந்த அந்த வருடம் நடந்தது. அதைப்பற்றி அதிகம் சொல்லமாட்டேன். யுத்தத்தை நிறுத்தச் சொல்லி ரொறன்ரோ நகரத்தின் நடுத்தெருவில் நாங்கள் எல்லோரும் குளிரில் நின்றோம். பக்கத்தில் நின்ற பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்தினார்கள். நான் பதாகையைப் பிடித்துக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். என் சத்தத்தை யாராவது கேட்டுவிட்டால் என்ன செய்வது என்ற கூச்சம். அப்படியான நேரத்தில்கூட! பிறகு எல்லாம் முடிந்தது. வன்னியில் இருந்த என் தம்பி குடும்பத்தோடு முள்ளுக்கம்பி முகாமுக்குள் இருக்கிறான் என்று தெரியவந்தது. ஒருநாள் யாருடையதோ தொலைபேசியில் இரண்டு நிமிடம் கதைத்தான்.

"மூண்டு கல்லு வைச்சுச் சமைக்கிறம் அக்கா. படிவத்தோட வந்து எல்லாம் வசதியோ எண்டு கேக்கினம். ஓம் எண்டு சொல்லிப்போட்டம். வேற என்னத்தைச் சொல்லுறது?"

அதோடு இணைப்பு அறுந்தது.

அந்தக் கிழமைதான் வதனி எடுத்தாள். அவள் பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஓர் அறையில் இருந்தாள்.

"அம்மா, எனக்கு ஃபைனல் எக்ஸாமுக்கு டேட் தந்திட்டினம். நான் முன்னுக்கு நிண்டு பிரசென்ட் பண்ணோணும். பிறகு அவை கேள்வி கேப்பினம். மலாவியில இருந்தே ஒரு புரொஃபெசர் வாறா. அந்த ரூமுக்குள்ள ஆரும் வந்து இருந்து பாக்கலாம், இட்ஸ் ஓபன். பாஸ் பண்ணினா செப்டம்பர்ல மலாவி யுனிவர்சிட்டியில எனக்கு வேலை. விளங்கினதோ?"

"ஓம்," என்றேன்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். என் மகள் எல்லோருக்கும் முன்னால் நிற்கப்போகிறாள். கடல் கடந்து ஒரு பிரதம விருந்தினர் வருகிறார். ஆரும் வரலாம். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாதா? இருபது வருடமாக மற்றவர்களுடையதற்குக் கைதட்டியவளல்லவா நான்!

ஒருவரையும் கேட்காமல் முடிவெடுத்தேன். ஆனால் அரங்கேற்றம் என்றால் பரிமளம் அக்கா இல்லாமல் முடியாது. வெக்ஸ்போர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தில் எனக்கு மேல்மாடியில் இருப்பவர். இரண்டு மகள்மாருக்கு அரங்கேற்றம் செய்து வைத்தவர். அவரைக் கேட்காமல் ஸ்காபரோவில் ஒரு சலங்கையும் குலுங்காது. போய்ச் சொன்னேன். சொன்னதுதான் தாமதம், வெடித்தார்.

"உனக்கென்ன விசரே? நாடு சாம்பலாய்க் கிடக்குது. என்ர பேத்தியின்ர அரங்கேற்றத்தையே நிப்பாட்டிப்போட்டு இருக்கிறம். எங்கட சனம் அங்க சாகுது, உன்ர மேள் ஆபிரிக்காவில அடுப்பு எண்ணிக்கொண்டு திரியிறாள். அதுக்கொரு விழாவோ?"

பரிமளம் அக்காவுக்கு நான் பதில் சொன்னதாகச் சரித்திரமே இல்லை. அன்றைக்குச் சொன்னேன்.

"செத்தவைக்காக நானும் அழுதனான் அக்கா. நாளைக்கும் அழுவன். ஆனா இந்த வருசம் நாங்கள் கத்தினதை ஒருத்தரும் கேக்கேல்லை. எங்கட பெட்டை ஒருத்தி கதைக்க, நாலு படிச்ச ஆக்கள் இருந்து கேக்கப் போயினம் எண்டால், அவளுக்கு முன்னால ஒரு கதிரையும் வெறுமையாய்க் கிடக்க நான் விடமாட்டன்."

அக்கா பேனாவை எடுத்தார்.

"எத்தினை கதிரை?" என்று கேட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் தேர்த்திருவிழா வேகம். அழைப்பிதழ் அச்சடித்தோம். "செல்வி வதனி அவர்களின் கலாநிதி அரங்கேற்றம்" என்று போட்டது பரிமளம் அக்காவின் மூளை. நிகழ்ச்சி நிரலில் செத்தவர்களுக்கு அகவணக்கம், மங்கல விளக்கேற்றல், பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, அதன்பிறகு சின்ன எழுத்தில் "பரீட்சை". பட்டுச்சேலை வேண்டாம், வருடம் அப்படி, நூல்சேலையோடு வாருங்கள் என்று எல்லோருக்கும் சொன்னோம். வதனிக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கிற பிள்ளையைக் குழப்பக் கூடாதல்லவா?

அன்று காலை ஒரு மணித்தியாலம் முந்தியே போய்விட்டோம். மூன்றாம் மாடியில் ஓர் அறை. நடுவில் நீள மேசை, சுவரோரமாகப் பன்னிரண்டு கதிரை. நாங்கள் முப்பத்திநான்கு பேர். பிக்கரிங்கில் இருந்து ரயில் பிடித்து வந்தவர்கள், இரவு வேலை முடித்து நித்திரை கொள்ளாமல் வந்தவர்கள், கைத்தடியோடு ஒருவர். கதிரை காணாமல் பக்கத்து அறைகளிலும் போய் இழுத்துக்கொண்டு வந்தோம். றோல்ஸ் தட்டங்களை ஜன்னலோரம் வைத்தோம். நீள மேசையின் தலைமாட்டில் குத்துவிளக்கை வைத்து ஐந்து திரியும் ஏற்றினேன்.

விளக்கோடு விட்டிருந்தால் தப்பியிருப்பேன். பிள்ளைக்கு நாவூறு படும் என்று ஒரு பயம் வந்தது. முப்பத்திநான்கு சோடிக் கண்! கையோடு கொண்டுவந்த கரிவில்லையைப் பற்றவைத்து, சாம்பிராணியைத் தாராளமாகப் போட்டேன். அறையின் நாலு மூலைக்கும் காட்டினேன். கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று நடைபாதைக்கும் காட்டினேன்.

வதனி வந்தாள். கறுப்புக் கோட்டு, ஒரு கையில் கணினி, மறு கையில் கோப்பி. புகைக்குள்ளே என்னைக் கண்டுபிடிக்க அவளுக்குச் சற்று நேரமெடுத்தது.

"அம்மா... வாட் இஸ் திஸ்? இவ்வளவு பேரும் ஆர்?"

"எங்கட ஆக்கள்தான். ஒண்டுமில்லை பிள்ளை, நீ கும்பிட்டிட்டுத் தொடங்கு."

அவள் கும்பிடவில்லை. அதற்குள் கூரை அலறத் தொடங்கியது.

பெரிய கட்டடம். எத்தனை வகுப்பு, எத்தனை பேராசிரியர், எத்தனை ஆயிரம் புத்தகம்! எல்லோரும் படியிறங்கிப் புல்வெளிக்கு வந்தார்கள் (புத்தகங்களைத் தவிர). வதனியைப் பரீட்சிக்க வந்தவர்களும் எங்களோடு வந்து நின்றார்கள். ஒருவர் வெள்ளைத் தாடிப் பேராசிரியர். இன்னொருவர் பரீட்சைக்குத் தலைமை வகித்த மெலிந்த அம்மா; நிமிடத்துக்கொருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றாமவர்தான் மலாவிப் பேராசிரியை. என் வயது இருக்கும். மஞ்சள் நிறத்தில் பெரிய பூப்போட்ட உடுப்பு, தலையிலும் அதே துணி.

பரிமளம் அக்கா என் காதுக்குள் சொன்னார்: "சும்மா நிண்டு நேரத்தை வீணாக்காமல் பொன்னாடையை முடிப்பம்."

இப்படித்தான், சிவப்பு வெளிச்சம் சுழலச் சுழல, தீயணைப்பு வண்டிக்கு முன்னால், மலாவிப் பேராசிரியைக்கு நான் பொன்னாடை போர்த்தினேன். முப்பத்திநான்கு பேரும் கைதட்டினார்கள். அவர் சிரித்துக்கொண்டு அதை இரண்டு தோளிலும் சரிசெய்து போட்டார். தாடிப் பேராசிரியருக்கும் ஒன்று போர்த்தினோம். அவர் பனிக்காலத்தில் நனைந்த பூனைபோல நின்றார்.

தீயணைப்புக்காரர் ஒருவர் தலைக்கவசத்தோடு வந்து ஆங்கிலத்தில் கேட்டார். ஆர் கொளுத்தியது என்று கேட்கிறார், விளங்கியது. திரும்பிப் பார்த்தேன். இவர் நாலு அடி தள்ளிப் போய் நின்று ஒரு மரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியம்! நானே கையை உயர்த்தினேன். தீயணைப்புக்காரர் எனக்கு நெடுநேரம் புத்தி சொன்னார். முடிந்ததும் பரிமளம் அக்கா அவரிடம் றோல்ஸ் தட்டத்தை நீட்டினார். இரண்டு எடுத்தார்.

வதனி என்னை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

"அம்மா, முக்கால் மணித்தியாலம் போட்டுது. அந்த புரொஃபெசருக்குப் பின்னேரம் ஃபிளைட். இண்டைக்கு முடியாட்டி இனி சம்மர் முடியத்தான் வைப்பினம். பிறகு செப்டம்பர்ல வேலையும் இல்லை, ஒண்டும் இல்லை. ஏழு வருசம் அம்மா! பிளீஸ், உள்ள வந்தால் சத்தம் போடாமல் இருப்பியளோ?"

எனக்கு ரோசம் வந்தது. "நான் எப்ப பிள்ளை சத்தம் போட்டனான்?" என்று கேட்டேன்.

அந்த நிமிடம் வரைக்கும் அது சத்தியமான வார்த்தை.

திரும்பவும் மேலே போனோம். தலைமை வகித்தவர் சட்டம் சொன்னார். பார்க்க வந்தவர்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பரீட்சை செல்லாது போகலாம். வதனி அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னாள். சொல்லும்போது பரிமளம் அக்காவைத்தான் பார்த்தாள். என்னைப் பார்க்கவேயில்லை. அவ்வளவு நம்பிக்கை என்மேல்.

அவள் கதைக்கத் தொடங்கினாள். ஐயோ, என் பிள்ளை கதைத்த கதை! ஆங்கிலம் எனக்குப் பாதிதான் விளங்கும். ஆனால் நிமிர்ந்து நின்ற நிலையும் கை காட்டிய விதமும் பார்த்தால் எந்த அரங்கேற்றமும் கிட்ட நிற்காது. திரையில் படங்கள் வந்தன. மூன்று கல், நடுவில் விறகு, மேலே கரிபிடித்த பெரிய பானை, பக்கத்தில் சேலை மாதிரி ஒரு துணி சுற்றிய பெண். முகத்தை மாற்றினால் அது நான். எங்கள் வரிசையில் இருந்த அத்தனை பெண்களும் ஒரேயடியாக மூச்சை இழுத்தார்கள்.

பிறகு கேள்விகள். முதல் மூன்றுக்கும் மளமளவென்று பதில் சொன்னாள். அப்போதுதான் தாடிப் பேராசிரியர் முன்னுக்குச் சரிந்தார். ஆங்கிலம் பாதி விளங்கினாலும், ஏளனம் எனக்கு எந்தப் பாஷையிலும் முழுதாக விளங்கும். இந்தப் பெண்கள் அடுப்பு நல்லது என்று கையெழுத்து வைத்தார்கள், ஆனால் பாவிக்கவில்லை. அப்படியென்றால் பொய் சொல்லியிருக்கிறார்கள். பொய் சொல்பவர்களை வைத்து ஒரு கொள்கையை எப்படி எழுதுவது? இதுதான் கேள்வி. "பொய்" என்பதற்கான ஆங்கிலச் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் எங்களில் யாராவது சுகமில்லை என்று லீவு கேட்டால் மேற்பார்வையாளர் அந்தச் சொல்லைத்தான் சொல்லுவார்.

வதனி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அந்த மாதங்களில் அவளும் நித்திரை கொண்டவளில்லை. மேசையைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். கடிகாரம் ஓடுகிறது. தாடிக்காரர் பேனாவைத் தட்டுகிறார். எனக்குத் தம்பியின் குரல் கேட்டது. ஓம் எண்டு சொல்லிப்போட்டம் அக்கா. அப்படியென்றால் அவனும் பொய்க்காரனா?

எழும்பிவிட்டேன். நான் எழும்பியது எனக்கே தெரியாது. இவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்ததுதான் தெரியும்.

"அவையள் பொய் சொல்லேல்லை!" என்றேன். தமிழில்தான். அந்த அறை இவ்வளவு சின்னதென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "வீட்டுக்கு வந்த ஆள் ஒண்டைத் தந்திட்டு நல்லமோ எண்டு கேட்டால், முகத்துக்கு நேரை இல்லை எண்டு சொல்லுறேல்லை. அது மரியாதை. எனக்கும் தந்தவை ஐயா, இடம்பெயர்ந்து கிடக்கேக்கை! நானும் ஓம் எண்டனான். கையெழுத்தும் வைச்சனான். உந்த அடுப்பில பத்துப் பேருக்கு ஒரு பானையை வைச்சுக் களி கிண்டிப் பாருங்கோ, அடுப்புப் பிரண்டு காலில விழும். புகை கூடாது எண்டுறியள். புகை இல்லாட்டிக் கூரையைக் கறையான் தின்னும். அதை ஆர் கேட்டது? நல்லமோ எண்டுதான் கேட்டவை. நானும் நல்லம் எண்டிட்டு, அந்த அடுப்புக்குள்ள வைக்கலைப் போட்டுக் கோழியை அடைக்கு வைச்சனான்!"

சொல்லி முடித்ததும் இவரின் கையிலிருந்த தலைப்பை உருவிக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்து பரிமளம் அக்கா மெதுவாக, "கோழியோ?" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று மலாவிப் பேராசிரியை வதனியைக் கேட்டார். தலைமை வகித்தவர் வேண்டாம் என்று கை காட்டினார். ஆனால் வதனியின் வாயிலிருந்து அந்தக் கடைசி வசனம் மட்டும் ஆங்கிலத்தில் எப்படியோ தவறி விழுந்துவிட்டது. பேராசிரியை பொன்னாடையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைமை வகித்தவர் சிரிக்கவில்லை. எழுந்து கதவைத் திறந்தார். நாங்கள் முப்பத்திநான்கு பேரும் வெளியே போனோம். வதனி உள்ளே நின்றாள். கதவு மூடியது.

நடைபாதையில் நின்ற அந்த நேரம் என் ஆயுளில் பத்து வருடம். முதலில் சாம்பிராணி, இப்போது இது. ஏழு வருடம் அவள் கட்டிய வீட்டை நான் ஒரு காலையில் இரண்டு தரம் கொளுத்தியிருந்தேன்.

"உன்னோட முப்பத்தைஞ்சு வருசம் இருந்தனான்," என்றார் இவர். "உன்ர குரல் இப்பிடி இருக்கும் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

"கதைச்சது பிழைதான்," என்றார் பரிமளம் அக்கா. பிறகு றோல்ஸ் தட்டத்தின் வெள்ளித்தாளைச் சரிசெய்துகொண்டே, "ஆனா நல்லாக் கதைச்சனி," என்றார்.

பிழை என்று எனக்கும் தெரியும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்த நடைபாதையில் நான் பயந்தேனே தவிர வெட்கப்படவில்லை. ஆறு மாதமாக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றவள் நான். ஒருதரம் சத்தம் வந்தது. இன்றுவரை அதற்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. முதலில் வந்தவர் மலாவிப் பேராசிரியை. நேரே என்னிடம் வந்தார். தட்டத்தில் ஒரு றோல்ஸ் எடுத்துக் கடித்தார். அவருக்குப் பின்னால் வதனி, முகம் முழுக்கக் கண்ணீர்.

பேராசிரியை ஏதோ கேட்டார். வதனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"அந்தக் கோழி எத்தினை குஞ்சு பொரிச்சது எண்டு கேக்கிறா."

"ஒன்பது," என்றேன். "ஒண்டு கூழ்முட்டை. பிள்ளை, பரீட்சை?"

"பாஸ் அம்மா."

நடைபாதையில் எழும்பிய சத்தத்துக்குக் கூரை இன்னொருமுறை அலறியிருக்க வேண்டும். நல்லகாலம், அது புகைக்கு மட்டும்தான் அலறும்.

மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது இதுதான். நான் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை என்று தலைமை வகித்தவர் எழுதிக்கொள்ள, அதே கேள்வியைத் தாடிப் பேராசிரியர் திரும்பக் கேட்டாராம். இந்தமுறை வதனிக்கு வாய் வந்ததாம். பெண்கள் பொய் சொல்லவில்லை, நாங்கள்தான் "ஓம்" என்பதைத் தவிர வேறு பதில் வரமுடியாத கேள்வியைக் கேட்டோம் என்றாளாம். தன்னுடைய படிவத்திலும் அதே பிழை இருக்கிறது என்று தன் ஆராய்ச்சியின் ஓட்டையைத் தானே காட்டிக் கொடுத்தாளாம். அந்த ஓட்டையை அடைத்து ஓர் அத்தியாயம் எழுதித் தந்தால் பட்டம் என்று தீர்ப்பு. தாடிக்காரர் கைகொடுத்தாராம். பொன்னாடையையும் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். (அதை நாங்கள் திரும்பக் கேட்கவில்லை.)

அந்த அத்தியாயத்துக்காக என் மகள் என்னையே பேட்டி காண வந்தாள். சமையலறை மேசையில் ஒரு படிவத்தை வைத்தாள். ஆராய்ச்சிக்குச் சொல்பவர்களின் சொந்தப் பெயரைப் போடுவதில்லையாம், பாதுகாப்புக்காகப் பொய்ப்பெயர் வைப்பார்களாம்.

"உங்களுக்கு 'மிஸிஸ் கே' எண்டு போடட்டோ அம்மா? ஓகேயோ?"

வாயில் "ஓம்" வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்லை," என்றேன். "ஒளிச்சு நிண்டோ சொன்னனான்? அவ்வளவு பேருக்கு முன்னால எழும்பித்தானே சொன்னனான். என்ர பேரைப் போடு. ஐந்தாம் வகுப்பு எண்டதையும் போடு."

அதற்கு யாரிடமோ விசேட அனுமதி எடுத்தாள். இப்போது அந்தப் பல்கலைக்கழக நூலகத்தில், வதனியின் ஆய்வேட்டுக் கடைசிப் பக்கங்களில், பெரிய பெரிய பேராசிரியர்களின் பெயர்களுக்கு நடுவில், அகர வரிசைப்படி என் பெயரும் இருக்கிறது. எனக்கு முன்னால் ஒரு நோர்வேக்காரர். பின்னால் ஒரு கென்யாக்காரர். அந்த மூன்றாம் மாடி அறைக் கதவிலும் "உள்ளே எதையும் கொளுத்த வேண்டாம்" என்று ஓர் அறிவித்தல் இருக்கிறதாம். அதில் பெயர் இல்லை. ஆனால் அதுவும் என்னுடையதுதான்.

அந்த அத்தியாயத்தில் வதனி எழுதிய ஒரு சொல் எங்கள் குடும்பத்துக்குள் வந்து குடியேறிவிட்டது. மனமில்லாமல், மற்றவரின் முகம் வாடக் கூடாது என்பதற்காகச் சொல்கிற ஓமுக்கு அவள் "அடுப்பு ஓம்" என்று பெயர் வைத்தாள். இப்போது எங்கள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக ஓம் சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்கு வருவீர்களா என்று கேட்டு நாங்கள் ஓம் என்றால், பரிமளம் அக்காவின் பேத்திகூட "அன்ரி, அது அடுப்போ, அசலோ?" என்று கேட்கிறாள். என் கத்தரிக்காய்க் குழம்பை முப்பத்தைந்து வருடம் ஓம், நல்லாயிருக்கு என்று சாப்பிட்ட இவர், அந்த வருடத்தோடு சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

செப்டம்பரில் வதனி மலாவிக்குப் புறப்பட்டாள். விமான நிலையத்தில் பெட்டியெல்லாம் போட்டு முடிந்தது. பாதுகாப்புச் சோதனை வரிசைக்குப் போகுமுன் திரும்பி வந்து என் இரண்டு கையையும் பிடித்தாள்.

"அம்மா, உண்மையாச் சொல்லுங்கோ. நான் போறது உங்களுக்கு ஓகேயோ?"

"ஓம்," என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "உது எந்த ஓம்?"

ஒரே பிள்ளை. பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல் பறக்க வேண்டிய தூரம். தம்பியும் இன்னும் கம்பிக்குள். பின்னால் நின்ற சனம் முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்:

"அடுப்பு ஓம்தான்! அதுக்கென்ன? உன்ர வேலை அங்க. நீ போ!"